திருகோணமலையில் இருந்து பெரு போகிறவர்களுக்கு

மாச்சு பிச்சு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் தேடுவது விமான டிக்கெட் விலையை. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு அது கடைசிக்கு முந்தின வேலை. மலிவு, குறுகிய நேரம் என்று இணையம் முதலில் காட்டும் வழி நமக்குப் பெரும்பாலும் பூட்டிய வழியாக இருக்கும். ஆகாயத்திலும் சரி, அந்தீஸ் மலையிலும் சரி, சுற்றிப் போகிற பாதைதான் நமக்குத் தோது. ஆகவே வேலைகளை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்: விசா, ஊசி, மாச்சு பிச்சு அனுமதி, விமானம், மற்றவை. குறைந்தது நான்கு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

விசாவும் விமானப் பாதையும்

பெருவுக்கு நமக்கு முன்கூட்டியே சுற்றுலா விசா வேண்டும். இலங்கைக்குப் பொறுப்பானது புதுடில்லியில் உள்ள பெருத் தூதரகம். நேரில் வரவேண்டுமா, கடவுச்சீட்டை அனுப்பலாமா, கட்டணத்தை எப்படிச் செலுத்துவது என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போவதென்றால் அதற்கு முதல் இந்திய இ-விசா எடுக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, விண்ணப்பப் படிவம், படம், வங்கிக் கூற்று, வேலைக் கடிதம் அல்லது வியாபாரப் பதிவு, தங்குமிடப் பதிவு, போகவர விமானப் பதிவு ஆகியவற்றை ஆயத்தப்படுத்துங்கள். நம்மவர்களின் விண்ணப்பம் இழுபடுவதற்குப் பொதுவான காரணம் மொழி. பிறப்புச் சான்றிதழும் வியாபாரப் பதிவும் கிராம அலுவலரின் கடிதமும் தமிழில் மட்டும் இருந்தால் டில்லியில் வாசிக்க ஆளில்லை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுத்து, மூலத்தோடு சேர்த்துக் கொடுங்கள். வங்கிக் கணக்கில் கடைசி வாரத்தில் ஒரேயடியாகப் பெருந்தொகை விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி விளக்கம் எழுதி வைப்பது நல்லது. விசா கிடைக்கும்வரை காசு திரும்பாத டிக்கெட் எதையும் வாங்க வேண்டாம். பதிவு மட்டும் போதும்.

இனி விமானப் பாதை. ஆம்ஸ்டர்டாம், மட்ரிட், பரிஸ் மூன்றிலிருந்தும் பெருவின் தலைநகரான லீமாவுக்கு நேரே விமானம் இருக்கிறது. ஆனால் ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) நாட்டு விமான நிலையத்துக்குள் இருந்தபடியே விமானம் மாறுவதற்கும் இலங்கையருக்குத் தனியாக ஏர்போர்ட் டிரான்சிட் விசா வேண்டும். செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, கனடிய அல்லது ஜப்பானிய விசா கையில் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. அமெரிக்கா வழி போவதென்றால் விலக்கே இல்லை. அங்கே டிரான்சிட் என்று தனியிடம் கிடையாது, விமானம் மாறுகிறவரும் குடிவரவைக் கடந்தாக வேண்டும்.

ஆகவே கட்டுநாயக்காவில் இருந்து டோஹா, துபாய் அல்லது இஸ்தான்புல், அங்கிருந்து சாவோ பாவுலோ, பிறகு லீமா என்ற பாதைதான் தலைவலி குறைந்தது. ஒன்றரை நாள் பயணம், அலுப்புத்தான். முழுப் பாதையும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும், பொதிகள் லீமாவரை டாக் செய்யப்பட வேண்டும். காசு மிச்சம் பிடிக்கச் சாவோ பாவுலோவரை ஒன்று, அதற்கப்பால் ஒன்று என்று இரண்டாக வாங்கினால், பொதியை எடுத்து மறுபடி போட பிரேசில் குடிவரவைக் கடக்க வேண்டிவரும். அதற்குப் பிரேசில் விசா வேண்டும். இதைக் கட்டுநாயக்கா கவுன்டரிலேயே கண்டுபிடித்து நிறுத்திவிடுவார்கள்.

பெயர் விடயத்திலும் கவனம். நம் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் சர்நேமாக இருக்கும். ஸ்பானியப் படிவங்களில் "அப்பெயிதோஸ்" என்ற கட்டத்தில் அதையும், "நோம்ப்ரேஸ்" என்ற கட்டத்தில் மற்றப் பெயர்களையும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படியே நிரப்புங்கள். வீட்டில் கூப்பிடும் சுருக்கப் பெயரோ, முதலெழுத்தோ போடக் கூடாது. மாச்சு பிச்சு வாசலிலும் ரயிலிலும் டிக்கெட்டையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

லீமா, மாச்சு பிச்சுவுக்குப் போகும் வழியிலுள்ள மலைநகரான குஸ்கோ, மாச்சு பிச்சு மட்டும் பார்க்கிறவருக்கு நோய் அபாயம் என்ற அளவில் இந்த ஊசி தேவைப்படாது. அமேசன் காட்டுப் பக்கம் போகிறவருக்குத்தான் தேவை. ஆனால் இலங்கைக்குத் திரும்பும்போதுதான் சிக்கல் வரும். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாட்டில் இருந்து வருகிற, 9 மாத வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும் இலங்கை சான்றிதழ் கேட்கிறது. நாட்டைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் நின்ற ஊரை அல்ல. பெருவும் பிரேசிலும் அந்தப் பட்டியலில் உள்ளவை. வரும் வழியில் சென்னையில் இறங்கிச் சொந்தக்காரரைப் பார்க்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் இந்தியாவில் 6 நாள்வரை தனிமைப்படுத்தி வைக்க இடமுண்டு.

ஊசி போடுவது கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில். கடவுச்சீட்டோடு போக வேண்டும். போகும் முன் தொலைபேசியில் நாளையும் நேரத்தையும் உறுதிப்படுத்துங்கள். இல்லாவிட்டால் இரவு ரயிலில் போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டிவரும். சான்றிதழ் ஊசி போட்டு 10 நாளின் பின்பே செல்லுபடியாகும், பிறகு ஆயுள்முழுதும் போதும். இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் பேசாமல் போடக் கூடாது.

எந்த மாதம்

குஸ்கோப் பக்கம் மே முதல் செப்டெம்பர்வரை மழையில்லை, வானம் தெளிவு. ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் பூச்சியத்துக்குப் பக்கத்தில் போகும். ஜூன் 24 குஸ்கோவில் "இந்தி ராய்மி" என்ற சூரிய விழா. அந்த வாரம் அறை கிடைப்பதும் கஷ்டம், விலையும் ஏறும். நவம்பர் முதல் மார்ச்வரை மழை. மாச்சு பிச்சுவுக்கு நடந்தே போகும் இன்கா நடைபாதை பெப்ரவரியில் மூடப்படும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதியோ படகோ வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு இடைஞ்சல்: அங்கே நல்ல காலம் என்பது இங்கே உழைக்கிற காலம். அவர்களுக்கு ஒக்டோபர் பொருந்தும். இங்கே பருவம் முடிந்திருக்கும், அங்கே பெருமழை தொடங்கியிருக்காது, கூட்டமும் குறைந்திருக்கும்.

உயரம்: பயணம் கெடுவது இங்கேதான்

இலங்கையின் மிக உயர்ந்த இடமான பிதுருதலாகல மலை 2,524 மீற்றர். குஸ்கோ நகரம் ஏறத்தாழ 3,400 மீற்றரில் இருக்கிறது. அதாவது நம் நாட்டில் எங்கே ஏறி நின்றாலும் அந்த உயரத்தைப் பழகிக்கொள்ள முடியாது. அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கோணேசர் கோயில் ஏற்றத்தை மூச்சு வாங்காமல் ஏறுகிறவரும் குஸ்கோ விடுதியின் இரண்டாம் மாடிப் படியில் பையோடு நின்றுவிடுவார். உடல் உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விளையாட்டுக்காரப் பெடியன்களுக்கும் வரும்.

லீமா கடற்கரை நகரம். அங்கிருந்து குஸ்கோவுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம். இறங்கிய உடனே ஒன்றும் தெரியாது, ஏனென்றால் மலைநோய் தலைகாட்ட 6 முதல் 12 மணித்தியாலம் பிடிக்கும். அந்தச் சுகத்தை நம்பி அன்றைக்கே ஊர் சுற்றி, வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு பியரும் குடித்தால் நள்ளிரவில் தலையிடி, சத்தி, நித்திரையின்மை மூன்றும் சேர்ந்து வரும். அடுத்த இரண்டு நாள் கட்டில்தான்.

அதனால் இந்த ஒழுங்கில் ஏறுங்கள். லீமாவில் இரண்டு இரவு. நமக்கும் பெருவுக்கும் பத்தரை மணித்தியால நேர வித்தியாசம், அதைச் சரிசெய்யவும் இந்த நாட்கள் வேண்டும். பிறகு அரெகிப்பா நகரம், 2,335 மீற்றர். இரண்டு அல்லது மூன்று இரவு. அங்கிருந்து குஸ்கோவுக்கு விமானத்தில் போய், நகரத்தில் தங்காமல் அன்றைக்கே வாகனத்தில் ஒயாந்தாய்தம்போவுக்கு இறங்கிவிடுங்கள். அது 2,790 மீற்றர், ஏறத்தாழ இரண்டு மணித்தியாலப் பாதை. குஸ்கோவில் பாவித்தோஸ் தெருவில் இருந்து பகிர்வு வான்கள் புறப்படும், ஆள் நிரம்பினால்தான் எடுப்பார்கள். ஒயாந்தாய்தம்போவில் இரண்டு இரவு, பிறகு மாச்சு பிச்சு, குஸ்கோ கடைசியில். மாச்சு பிச்சு 2,430 மீற்றர்தான், குஸ்கோவை விடத் தாழ்வு. அதைத் தெரியாமல் பலர் கடினமானதை முதலில் செய்கிறார்கள். குஸ்கோவில் இருந்து போய்ப் பார்க்கும் வானவில் மலை 5,000 மீற்றரைத் தாண்டும். குஸ்கோ உயரத்தில் மூன்று இரவாவது படுக்காதவர் அதற்குப் போவது புத்தியில்லை.

பொது விதி: 3,000 மீற்றருக்கு மேல் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது. பகலில் ஏறி இறங்கலாம், எங்கே படுக்கிறீர்கள் என்பதே கணக்கு.

அசெற்றசோலமைட் என்ற மாத்திரை உதவும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறுவதற்கு முதல் நாள் தொடங்கி மேலே போய் இரண்டு நாள்வரை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆகாமல் போகலாம், ஆகவே வைத்தியரின் துண்டு இல்லாமல் வேண்டாம். விரல்நுனி விறுவிறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா சப்பென்றிருக்கும். இவை மருந்தின் குணம், பயப்பட வேண்டாம். நித்திரை மாத்திரையைத் தொடாதீர்கள், அது மூச்சை இன்னும் மந்தமாக்கும். இருதய நோய், அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் புறப்படும் முன் பரிசோதனை செய்ய வேண்டும். இன்சுலினைக் கைப்பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள், உறைந்துவிட்டால் பயன்படாது.

தலையிடிக்குப் பரசிற்றமோல், தண்ணீர், ஓய்வு போதும். ஆனால் ஆள் வெறிகாரர் போலத் தள்ளாடினாலோ, பேச்சுக் குழம்பினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டி ஈர இருமல் வந்தாலோ அது வேறு சங்கதி. மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவிலேயே கீழே இறக்குங்கள். விடுதியில் ஒட்சிசன் இருந்தால் கொடுத்துக்கொண்டே இறக்குங்கள். பயணக் காப்புறுதி வாங்கும்போது எந்த உயரம்வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

மாச்சு பிச்சு அனுமதி

நாளுக்கு 4,500 பேர், உச்ச நாட்களில் 5,600 பேர் என்று மட்டு இருக்கிறது. டிக்கெட் நேரம் குறித்து விற்கப்படும். வாங்குவது கலாசார அமைச்சின் "து போலேதோ" தளத்தில். 2024 முதல் மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் பத்துப் பாதைகள். இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். படங்களில் காணும் அந்த மேலிருந்து பார்க்கும் காட்சியும் வேண்டும், கட்டடங்களுக்கு நடுவே நடக்கவும் வேண்டும் என்றால் இரண்டாம் சுற்று. முதலாம் சுற்றில் காட்சி மட்டும். மூன்றாம் சுற்று கீழ்ப்பகுதி. வைய்னா பிச்சு சிகரம் ஏறலாம், ஆனால் அந்தப் படம் கிடைக்காது. பாதை ஒருவழி. திரும்பி நடக்கவோ, வெளியே வந்து மறுபடி நுழையவோ விட மாட்டார்கள். 2025இல் வெளிநாட்டுப் பெரியவருக்கு 152 சோல் (பெரு நாணயம்), வைய்னா பிச்சு சேர்த்தால் 200.

பணம் செலுத்தும்போது வங்கி அனுப்பும் ஓ.டி.பி. உங்கள் இலங்கை சிம்முக்குத்தான் வரும். ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அங்கே போய் வாங்குவதென்றால் ரோமிங் திறந்திருக்க வேண்டும், அட்டையில் வெளிநாட்டுப் பாவனையும் திறந்திருக்க வேண்டும். தளத்தில் முடிந்துவிட்டால் மலையடிவார ஊரான அகுவாஸ் கலியென்தெஸில் நாளுக்கு 1,000 டிக்கெட் நேரில் விற்கிறார்கள். பெரும்பாலும் இலக்கத் துண்டு எடுத்து மறுநாளுக்குத்தான் கிடைக்கும், விரும்பிய சுற்று மிஞ்சியிருக்கும் என்ற நிச்சயமும் இல்லை.

ஒயாந்தாய்தம்போவில் இருந்து அகுவாஸ் கலியென்தெஸுக்கு ரயில் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் அளவில். ரயிலில் சிறு பைதான் விடுவார்கள், பெரிய பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு வாருங்கள். முதல் நாள் மாலையே அங்கே போய்ப் படுத்துவிட்டுக் காலையில் பஸ் பிடிப்பது நிம்மதி. வாசலுக்குள் 40 க்கு 35 க்கு 20 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பை போகாது, இறப்பர் நுனி இல்லாத ஊன்றுகோல் போகாது. உள்ளே மலசலகூடம் இல்லை. வாசலுக்கு வெளியே இருக்கிறது, சில்லறை வேண்டும். கடவுச்சீட்டின் பிரதி செல்லாது, மூலம் கையில் இருக்க வேண்டும்.

காசு

இலங்கை ரூபாயை அங்கே யாரும் மாற்ற மாட்டார்கள். அமெரிக்க டொலர் கொண்டுபோய்ச் சோலாக மாற்றுங்கள். அதிலும் நோட்டின் தோற்றம்தான் முக்கியம். மாற்றுக்கடையில் இருப்பவர் 100 டொலர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை விரலால் தடவி, மடிப்பில் நகக்கண் அளவு கிழிசல் கண்டாலும் ஒன்றும் பேசாமல் உங்கள் பக்கம் தள்ளிவிடுவார். பேனைக் கீறல், முத்திரை இருந்தாலும் அதே கதி. ஆகவே இங்கே வங்கியிலோ நாணயமாற்றுக் கடையிலோ வாங்கும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து, பழுதைத் திருப்பிக் கொடுங்கள். மடிக்காமல் ஒரு கொப்பியின் நடுவில் வைத்துக் கொண்டுபோங்கள்.

100, 200 சோல் நோட்டுக்குச் சந்தையில் மீதி கிடைக்காது. 10, 20 ஆகக் கேட்டு வாங்குங்கள். கள்ள நோட்டு அங்கே சாதாரணமாகப் புழங்குகிறது, அதனால் தெருவில் நின்று மாற்றுகிறவர்களைத் தவிருங்கள். டாக்சிகளில் மீற்றர் இல்லை, ஏறும் முன்பே தொகை பேசி முடிக்க வேண்டும். விடுதிகளில் வெளிநாட்டுச் சுற்றுலாக்காரருக்கு 18 வீத வரி விலக்கு உண்டு. கடவுச்சீட்டையும் நுழைவுப் பதிவையும் காட்டிக் கேளுங்கள். கேட்காதவரிடம் சில இடங்களில் சேர்த்து எடுத்துவிடுவார்கள்.

சாப்பாடு

சோற்றுக்குப் பஞ்சமில்லை, எல்லாத் தட்டிலும் சோறு இருக்கும், உப்பும் உள்ளியும் எண்ணெயும் சேர்த்து அவித்தது. மதியத்தில் "மெனு தெல் தியா" என்று கேட்டால் சூப், சோற்றுத் தட்டு, குடிக்க ஏதாவது சேர்த்து மலிவாகத் தருவார்கள்.

சைவக்காரர் "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. "கார்னே" என்றால் அங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சி என்றே எடுப்பார்கள், கோழி போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" (இறைச்சி, கோழி, மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். சூப்பின் அடி கோழி எலும்பில் காய்ச்சியதாகவே பெரும்பாலும் இருக்கும், அதைத் தனியாகக் கேட்க வேண்டும். லோமோ சால்தாதோ என்பது மாட்டிறைச்சி, அந்திகுச்சோ மாட்டின் இருதயம், குய் என்பது கினிப் பன்றி. மலைப்பக்கத்தில் ஆற்று மீன் "த்ருச்சா" நல்ல தெரிவு. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இருந்து போகிறவர்களுக்கு ஹலால் கடைகள் மிக அரிது, மீனும் முட்டையும் மரக்கறியும் என்று திட்டம் போடுவதே பாதுகாப்பு. "சிஃபா" என்று பலகை போட்ட சீனச் சாப்பாட்டுக் கடை எல்லா ஊரிலும் உண்டு, முட்டை மட்டும் போட்ட பொரித்த சோறு அங்கே கேட்டுச் செய்விக்கலாம்.

உறைப்பு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், மேசையில் "அஹி" என்ற மிளகாய்க் கூழ் இருக்கும். ரொகோத்தோவைக் குடைமிளகாய் என்று நினைத்துக் கடித்துவிடாதீர்கள். உள்ளே விதை கறுப்பாக இருந்தால் அது ரொகோத்தோ. வீட்டு மிளகாய்த்தூள் கொண்டுபோவதென்றால் அடைத்த பைக்கற்றாக, சுங்கப் படிவத்தில் குறிப்பிட்டுக் கொண்டுபோங்கள். கறிவேப்பிலை, மாம்பழம், விதைகள் வேண்டாம், கருவாடும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. குஸ்கோ உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதித்துவிடும், ஆகவே தேத்தண்ணி சாயம் இறங்கவும் அறையில் நூடில்ஸ் வேகவும் நேரம் கூடப் பிடிக்கும்.

மிச்சச் சொச்சம்

குளிர்சட்டைக்குத் திருகோணமலைக் கடைகளில் அலைய வேண்டாம். நுவரெலியாச் சந்தையில் ஏற்றுமதி மிச்ச ஜக்கெட்டுகள் மலிவு. தடித்த ஒன்றை விட மெல்லியவை மூன்றை அடுக்கிப் போடுவது நல்லது, ஏனென்றால் குஸ்கோவில் பகலில் வெயில் சுடும், சூரியன் விழுந்ததும் நடுங்கும். தொப்பியும் சன்கிரீமும் கட்டாயம், நம் கறுப்புத் தோலும் அந்த உயரத்தில் உரியும்.

செருகி "ஏ", "சி" வகை. நம் மூன்று முள் செருகி போகாது, அடப்டர் வேண்டும். மின்னழுத்தம் 220 வோல்ட், சார்ஜர்களுக்குப் பிரச்சினையில்லை. மலசலகூடத்தில் கடதாசியைக் கூடையில்தான் போட வேண்டும், உள்ளே போட்டால் குழாய் அடைக்கும். தண்ணீர் பாவிக்கிறவர்கள் கைப்பையில் ஒரு சிறு போத்தல் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பெறுமதியான பையை மேலே தட்டில் வைக்காமல் மடியில் வையுங்கள். லீமா நடைபாதையில் நின்று கைத்தொலைபேசியில் வரைபடம் பார்க்க வேண்டாம், கடைக்குள் போய்ப் பாருங்கள். வேலைநிறுத்தம், வீதி மறிப்பு அடிக்கடி நடக்கும் நாடு. குஸ்கோவில் இருந்து லீமாவுக்குத் திரும்புவதை, நாடு திரும்பும் விமானத்துக்கு முதல் நாளாவது வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் 105, அம்புலன்ஸ் 106.

கொக்கா இலைத் தேநீர் பெருவில் சட்டப்படி விற்கப்படுவது, விடுதி வரவேற்பிலேயே வைத்திருப்பார்கள், குடிக்கலாம். ஆனால் இலையோ, தேநீர்ப் பையோ, கொக்கா மிட்டாயோ ஒன்றையும் பொதியில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். டோஹாவிலும் துபாயிலும் கட்டுநாயக்காவிலும் அது போதைப்பொருள். கடைக்காரர் "பிரச்சினையில்லை, எல்லோரும் கொண்டுபோகிறார்கள்" என்றுதான் சொல்வார். லீமாவில் பொதியை அடுக்கும் முன் ஜக்கெட் பைகளையும் பக்க உறைகளையும் ஒருதரம் உதறிப் பாருங்கள்.